அருவியில் பிறந்த ஹைட்ரஜன்: நார்வே முதல் நங்கல் வரை

நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதும், அதைக் கொண்டு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை உயர்த்துவதும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் புதிய எண்ணம் என்று பலரும் கருதுகின்றனர். "பசுமை ஹைட்ரஜன்" என்ற பெயர்தான் புதியது. அந்தப் பொருள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆலை அளவில், ஆயிரக்கணக்கான டன் கணக்கில் உற்பத்தி செய்யப்பட்டது. நார்வேயில் ஒரு மலைப் பள்ளத்தாக்கிலும், எகிப்தின் அசுவானிலும், இந்தியாவில் பஞ்சாபின் நங்கலிலும் அத்தகைய ஆலைகள் ஓடின. பின்னர் அவை ஒவ்வொன்றாக நின்றன. அவை ஏன் தொடங்கப்பட்டன, ஏன் நின்றன என்பதை அறியாமல் இன்றைய திட்டங்களை எடை போடுவது கடினம்.

நார்வே என்ற ஏழை நாடு

இன்று உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றான நார்வே, 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்து தனி நாடானபோது ஐரோப்பாவின் வறிய ஓரங்களில் ஒன்றாக இருந்தது. பயிரிடத் தக்க நிலம் மிகக் குறைவு. நிலக்கரி இல்லை. மீன்பிடித்தலும் மரமும் கப்பல் தொழிலுமே பிழைப்பு. 1825 முதல் நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு லட்சம் நார்வேஜியர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அந்த நாட்டிடம் ஏராளமாக இருந்த ஒரே சொத்து மலையிலிருந்து விழும் நீர்.

அருவி நீரால் மின்சாரம் எடுக்கலாம் என்பது அப்போதே தெரியும். ஆனால் எடுத்த மின்சாரத்தை யாரிடம் விற்பது? நெடுந்தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்கள் அக்காலத்தில் செலவு மிகுந்தவை. அருவிகளோ ஆள் நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்குகளில் இருந்தன. எனவே மின்சாரத்தை அருவியின் காலடியிலேயே வேறொரு பொருளாக மாற்றி, அந்தப் பொருளைக் கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. இந்த ஒரு நிலைமைதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் வேர்.

அந்தப் பொருள் உரமாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வயல்கள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வந்த வெடியுப்பை நம்பியிருந்தன. அந்த இருப்பு தீர்ந்தால் கோதுமை விளைச்சல் வீழும் என்று 1898இல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அதைப் பயிர் உண்ணும் வடிவத்துக்கு மாற்றும் வழியைத்தான் அன்றைய வேதியியலாளர்கள் தேடிக்கொண்டிருந்தனர்.

வழியைக் காட்டியவர் கிறிஸ்தியான் பிர்க்லாந்து என்ற இயற்பியல் பேராசிரியர். துருவ ஒளியை ஆராய்ந்து புகழ்பெற்ற இவரது உருவம் பின்னாளில் நார்வேயின் 200 குரோனர் பணத்தாளில் இடம்பெற்றது. மின்காந்த விசையால் குண்டு எறியும் பீரங்கி ஒன்றை இவர் அமைத்தார். 1903இல் பொதுமக்கள் முன் அதை இயக்கிக் காட்டியபோது குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பெரும் மின்வில் பாய்ந்தது. பீரங்கி விலை போகவில்லை. ஆனால் அத்தகைய மின்வில்லின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணையும். அருவிகளின் உரிமையை வாங்கி வைத்திருந்த பொறியாளர் சாம் ஐடே, பின்னாளில் பிரதமரான குன்னார் க்னுட்சனின் வீட்டு விருந்தில் அதே ஆண்டில் பிர்க்லாந்தைச் சந்தித்தார். ஐடேயிடம் மின்சாரம் இருந்தது; பிர்க்லாந்திடம் மின்வில் இருந்தது. 1905 டிசம்பர் 2 அன்று நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் உருவானது. முதலீட்டின் பெரும்பகுதி பிரெஞ்சு வங்கியிலிருந்தும் சுவீடனின் வாலன்பெர்க் குடும்பத்திடமிருந்தும் வந்தது.

அருவி யாருக்குச் சொந்தம்

வெளிநாட்டுப் பணம் அருவிகளை வாங்கத் தொடங்கியது நார்வே நாடாளுமன்றத்தைக் கலங்கச் செய்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் ஒரே செல்வத்தையும் விற்றுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1906இல் அவசரமாகச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றை "பீதிச் சட்டங்கள்" என்றே மக்கள் அழைத்தனர். பின்னர் 1909இல் யோகான் காஸ்ட்பெர்க் முன்னின்று நிறைவேற்றிய உரிமச் சட்டம் ஒரு தெளிவான விதியை வைத்தது. தனியார் ஒருவர் அருவியில் மின்நிலையம் கட்டலாம், லாபம் ஈட்டலாம். ஆனால் உரிமக் காலம் முடிந்ததும் அருவியும் அணையும் எந்திரங்களும் இழப்பீடு இன்றி அரசுக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலம் 60 முதல் 80 ஆண்டுகள். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இதை மேலும் உறுதிப்படுத்தியது.

ஹைட்ரஜன் பற்றிய கட்டுரைகளில் இந்தச் சட்டம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆலைகள் மூடப்பட்ட பின்னும் நாட்டிடம் நிலைத்து நின்றது இதுதான். அறுபதாண்டு கழித்து வடகடலில் எண்ணெய் கிடைத்தபோது நார்வே அரசு வெளிநாட்டு நிறுவனங்களை உள்ளே விட்டது. ஆனால் எண்ணெயின் உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அருவிச் சட்டத்தில் கற்ற பாடம் அங்கே பயன்பட்டது.

ரியூகன்: மின்வில்லிலிருந்து மின்னாற்பகுப்புக்கு

டெலிமார்க் மாவட்டத்தின் ரியூகன் பள்ளத்தாக்கில் 1911இல் வேமார்க் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 108 மெகாவாட். அன்று உலகிலேயே பெரியது. மேலேயுள்ள மோஸ் ஏரியில் அணை கட்டி நீரைத் தேக்கியதால் கோடை, குளிர் என்ற வேறுபாடின்றி இரவும் பகலும் எந்திரங்கள் ஓடின. பள்ளத்தாக்கின் அடியில் ஆலை ஊழியர்களுக்காகவே ஒரு நகரம் எழுந்தது. மலைகள் மறைப்பதால் அந்நகரில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் வெயில் விழாது. தொழிலாளர்கள் மேலே சென்று கதிரவனைப் பார்த்து வருவதற்காகவே 1928இல் நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தியை அமைத்துக் கொடுத்தது. அது இன்றும் ஓடுகிறது.

மின்வில் முறையில் ஒரு குறை இருந்தது. அது மின்சாரத்தை அளவின்றி விழுங்கியது. இதற்கிடையே ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் பாஷும் வேறொரு முறையைக் கண்டனர். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் மேல் செலுத்தி அம்மோனியா ஆக்குவது அது. 1913இல் ஓப்பாவ் நகரில் அந்த ஆலை தொடங்கியது. ஒரே அளவு நைட்ரஜனைப் பிணைக்க மின்வில் முறைக்குத் தேவைப்பட்ட ஆற்றல், புதிய முறைக்கு மின்னாற்பகுப்பு ஹைட்ரஜனையே பயன்படுத்தினாலும் தேவைப்படுவதைப் போல் நான்கைந்து மடங்கு. போட்டியில் நிற்க முடியாத நோர்ஸ்க் ஹைட்ரோ, 1927இல் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் நிறுவனத்துடன் உடன்பாடு செய்து புதிய முறைக்கு மாறியது.

இங்கேதான் ஹைட்ரஜன் கதைக்குள் நுழைகிறது. ஜெர்மானியர்கள் நிலக்கரியையும் நீராவியையும் கொண்டு ஹைட்ரஜன் எடுத்தார்கள். நார்வேயிடம் நிலக்கரி இல்லை. ஆனால் வேமார்க் மின்சாரம் இருந்தது. மின்நிலையத்தின் முன்னாலேயே ஏழு மாடி உயரத்தில் ஒரு ஹைட்ரஜன் ஆலை கட்டப்பட்டு 1929இல் உற்பத்தி தொடங்கியது. பின்னர் விரிவடைந்த நிலையில் அதன் திறன் மணிக்கு ஏறக்குறைய 30,000 கன மீட்டர் ஹைட்ரஜன். இந்த அளவை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 கிலோ நீரும், நடைமுறையில் 50 முதல் 55 அலகு மின்சாரமும் வேண்டும். ஒரு டன் அம்மோனியாவில் ஏறக்குறைய 178 கிலோ ஹைட்ரஜன் உள்ளது. ஆகவே ஒரு டன் அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் மட்டுமே ஒன்பதாயிரம் அலகுக்கு மேல் மின்சாரம் கேட்கும். மின்சாரம் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தால் ஒழிய இது தாங்கும் செலவு அன்று. வேமார்க்கில் அது அப்படித்தான் கிடைத்தது.

அந்த ஆலை உலகப் புகழ் பெற்றது வேறொரு காரணத்தால். இயற்கை நீரில் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம் என்ற கனமான வகை. மின்னாற்பகுப்பில் சாதாரண ஹைட்ரஜன் முதலில் வெளியேற, கனநீர் தொட்டியில் செறிந்து நிற்கும். லைஃப் துரோன்ஸ்டட், யோமார் புரூன் ஆகிய இருவரின் யோசனைப்படி 1930களின் நடுவில் வேமார்க் கனநீரை விற்கத் தொடங்கியது. அணு உலைக்கு அது தேவை என்பதால் இரண்டாம் உலகப் போரில் நார்வேயைக் கைப்பற்றிய ஜெர்மானியர்கள் அதன் மீது கண் வைத்தனர். 1943 பிப்ரவரி இறுதியில் யோவாக்கிம் ரோன்னபெர்க் தலைமையில் நார்வே வீரர்கள் பனிமலையைக் கடந்து சென்று கனநீர்த் தொட்டிகளைத் தகர்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. எஞ்சிய கனநீரை ஏற்றிச் சென்ற படகு 1944 பிப்ரவரி 20 அன்று தின் ஏரியில் மூழ்கடிக்கப்பட்டது. பயணம் செய்த உள்ளூர் மக்கள் உட்பட 18 பேர் இறந்தனர். திரைப்படங்களும் நூல்களும் இந்த வீரக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆலையின் அன்றாட வேலை ஐரோப்பிய வயல்களுக்கு உரம் அனுப்பியது என்பது அதன் நிழலில் மறைந்துவிட்டது.

போருக்குப் பின் ஜெர்மானியர் பங்குகளை நார்வே அரசு கைப்பற்றியதால் நிறுவனத்தில் ஏறக்குறைய பாதி அரசுடைமை ஆனது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே குளோம்ஃபியோர்டில் இன்னொரு பெரிய மின்னாற்பகுப்பு ஆலை எழுந்தது.

நின்றது ஏன்?

ஆலைகள் பழுதாகி நிற்கவில்லை. அருவியும் வற்றவில்லை. மாறியது மின்சாரத்தின் மதிப்பு.

1950களிலும் 60களிலும் நார்வேயில் மின் கம்பித்தடங்கள் நாடு முழுவதும் இணைந்தன. முன்பு பள்ளத்தாக்கில் சிறைப்பட்டிருந்த மின்சாரம் இப்போது வீடுகளுக்கும் நகரங்களுக்கும் போக முடிந்தது. அலுமினியம் உருக்கும் ஆலைகள் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தன. நோர்ஸ்க் ஹைட்ரோவே 1967இல் கார்மோய் தீவில் அலுமினிய உற்பத்தி தொடங்கியது. மறுபக்கம், மேற்கு ஆசிய எண்ணெய் மலிவாக வந்தது. எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்கும் முறைகள் செம்மையுற்றன. நிறுவனம் தன் ஹெரோயா ஆலையில் 1960களிலேயே எண்ணெய்ப் பொருளிலிருந்து அம்மோனியா செய்தது. பழைய வேமார்க் மின்நிலையம் 1971இல் நிறுத்தப்பட்டு, மலைக்குள் புதிய நிலையம் அமைந்தது. ஹைட்ரஜன் ஆலைக் கட்டடம் 1977இல் இடிக்கப்பட்டது. குளோம்ஃபியோர்டு 1990களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. ரியூகனும் அருகிலுள்ள நோட்டோடனும் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் ஆயின.

நங்கல்: பக்ராவின் மின்சாரமும் பஞ்சாபின் வயலும்

இதே கதை இந்தியாவில் வேறு வேகத்தில் நடந்தது. விடுதலைக்குப் பின் உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டின் முதல் பெரிய அரசு உர ஆலை 1951இல் சிந்திரியில் தொடங்கியது. அது நிலக்கரியை நம்பியது. சட்லெஜ் ஆற்றில் பக்ரா அணையும் நங்கல் கால்வாயும் உருவானபோது திட்டமிட்டவர்கள் நார்வே அடைந்த அதே முடிவை அடைந்தனர். அணையிலிருந்து பெருமளவு மின்சாரம் வரப் போகிறது; அதை வாங்க அப்போது பஞ்சாபில் போதிய தொழிற்சாலைகள் இல்லை. அருகிலேயே ஓர் உர ஆலை அமைத்தால் மின்சாரத்துக்கு முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளர் கிடைப்பார். வயலுக்கு உரமும் கிடைக்கும்.

1961இல் நங்கல் உர ஆலை இயங்கத் தொடங்கியது. இத்தாலியின் டி நோரா நிறுவன மின்னாற்பகுப்புக் கலங்கள் நீரைப் பிரித்தன. ஆலை 100 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தது. பக்ராவின் இடது கரை மின்நிலையத்தின் தொடக்கத் திறன் 450 மெகாவாட் என்பதை நினைத்தால், ஒரே ஆலை எவ்வளவு பெரிய பங்கை உண்டது என்பது விளங்கும். ஆலை தயாரித்த கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் உரம் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. வேமார்க்கைப் போலவே இங்கும் கனநீர் துணைப்பொருள்: 1962இல் தொடங்கிய நங்கல் கனநீர் ஆலை இந்தியாவின் முதலாவது. அதன் ஆண்டுத் திறன் 14 டன்.

பசுமைப் புரட்சி வந்தது. புதிய கோதுமை வகைகள் உரம் கேட்டன. அதே அளவு ஆவலுடன் நீரும் கேட்டன. பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் ஆழ்துளைக் கிணறுகளில் மின்மோட்டார் வைத்தனர். தொழிற்சாலைகளும் பெருகின. மழை குறைந்து பக்ரா நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டுகளில், வயலுக்கு உரம் தரும் ஆலைக்கும் வயலுக்கு நீர் தரும் மோட்டாருக்கும் இடையே மின்சாரத்தைப் பங்கிட வேண்டிய நிலை வந்தது. ஒரே உழவனுக்கு இரண்டும் தேவை. உரத்தை வேறு வழியில் செய்யலாம், கப்பலில்கூட வரவழைக்கலாம். பாசனத்துக்கு வேண்டிய மின்சாரத்தை அப்படி வரவழைக்க முடியாது. அந்தப் போட்டியில் மின்னாற்பகுப்பு வென்றிருக்க வாய்ப்பே இல்லை.

1974இல் தோன்றிய தேசிய உர நிறுவனத்தின் கீழ் வந்த நங்கல் ஆலை, 1978இல் எரிஎண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறைக்கு விரிவாக்கப்பட்டது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பிறகும் அதுவே மேல் என்று கருதப்பட்டது. 2013இல் ஆலை மீண்டும் மாறி இயற்கை எரிவாயுவுக்கு வந்தது. நீரில் தொடங்கி, எண்ணெய் வழியே, எரிவாயுவுக்கு வந்த நங்கலின் பயணத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. மொத்த விளைவு என்னவோ, உள்நாட்டு நீரில் செய்த உரத்துக்கு இன்று பெருமளவு இறக்குமதி எரிவாயு வேண்டியிருக்கிறது.

பிற நாடுகளும் இதையே கண்டன. எகிப்தின் கிமா ஆலை 1960 முதல் பழைய அசுவான் அணை மின்சாரத்தில் ஓடி, 2020ஐ ஒட்டி இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ஜிம்பாப்வேயின் குவேக்வே அருகே சேபிள் நிறுவனம் 1970களிலிருந்து கரிபா அணை மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தது. நாட்டில் மின்பற்றாக்குறை கடுமையானபோது 2015இல் அந்தப் பிரிவை மூடியது. பெருவில் கூஸ்கோ அருகே கச்சிமாயோ ஆலை மட்டும் சிறிய அளவில் நிலைத்தது. ஆண்டிஸ் மலை மேல், துறைமுகத்திலிருந்து வெகு தொலைவில், சுரங்கங்களுக்கு வெடிபொருள் தயாரிக்கும் ஆலை அது. அங்கே வெளியிலிருந்து அம்மோனியா கொண்டுவருவதே பெரும் செலவு.

இன்றைய திட்டங்கள்

உலகில் 2023இல் பயன்பட்ட ஹைட்ரஜன் ஏறக்குறைய 9.7 கோடி டன். அதில் குறைந்த கரி உமிழ்வு முறையில் பெற்றது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நோர்ஸ்க் ஹைட்ரோவின் உரப்பிரிவு 2004இல் யாரா என்ற தனி நிறுவனமானது. அது 2024 ஜூனில் ஹெரோயாவில் 24 மெகாவாட் மின்னாற்பகுப்பு ஆலையைத் திறந்தது. பெரிய சாதனையாக அறிவிக்கப்பட்ட இந்த ஆலை, ரியூகனின் பழைய ஆலையில் ஆறில் ஒரு பங்கு அளவுகூட இல்லை.

இந்தியாவில் மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி, அதற்காக ஏறக்குறைய 125 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன், ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் எரிபொருள் இறக்குமதிக் குறைப்பு என்பவை அதன் இலக்குகள். உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் முதல் வாடிக்கையாளர்கள்.

தூத்துக்குடி இந்த வரலாற்றில் ஏற்கெனவே ஒரு இடம் பெற்ற ஊர். 1970களில் அங்கே எழுந்த ஸ்பிக் உர ஆலை நாப்தாவிலிருந்து அம்மோனியா செய்தது. அதன் வாயுவைக் கொண்டு அருகிலேயே கனநீர் ஆலை ஒன்றும் இயங்கியது. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் திறக்கப்பட்டதும் உர ஆலைக்கு எரிவாயு வந்தது. இப்போது வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக ஆக்கும் திட்டம் உள்ளது.

பழைய ஆலைகளின் வரலாறு இங்கே இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. ரியூகனின் மின்சாரம் ஏரியில் தேங்கிய நீர், நள்ளிரவிலும் வந்தது. தென் தமிழகத்தின் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாகச் சுழலும்; சூரியத் தகடுகள் பகலில் மட்டும் தரும். காற்று மிகுந்த நாள்களில் வாங்க ஆளின்றிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நேரங்கள் உண்டு. அந்த மின்சாரம் உண்மையிலேயே வேமார்க் மின்சாரத்தைப் போன்றது, வேறு கதியற்றது. ஆனால் அதை மட்டும் நம்பினால் விலையுயர்ந்த மின்னாற்பகுப்புக் கலங்கள் ஆண்டின் பெரும்பகுதி சும்மா இருக்கும். ஆண்டு முழுவதும் ஓட்டினாலோ, மாலை நேரத்தில் வீடுகளும் பம்புசெட்டுகளும் கேட்கும் அதே மின்சாரத்தோடு போட்டி வரும். நங்கலில் நேர்ந்தது அதுதான். மின்கலன்களில் மின்சாரத்தைச் சேமிக்கும் செலவு குறைந்துவருவதால், பகல் மின்சாரத்துக்கும் விரைவில் வேறு வாடிக்கையாளர்கள் வரக்கூடும்.

இன்னொரு கேள்வி உடைமை பற்றியது. ஏற்றுமதிக்காகப் பசுமை அம்மோனியா செய்ய வரும் நிறுவனங்களுக்கு நிலமும், கடல்நீரைச் சுத்திகரித்த நீரும், மின்தடக் கட்டணச் சலுகையும் தரப்படுகின்றன. நார்வே 1909இல் எழுதிக்கொண்டதைப் போல, குறித்த ஆண்டுகளுக்குப் பின் நாட்டுக்கு என்ன திரும்பும் என்பதை உரிமத்திலேயே எழுதும் பேச்சு இங்கே இன்னும் பெரிதாக எழவில்லை.

துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. அதன் திறன் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். நாள் முழுவதும் ஓடினால் இருபது கிலோவுக்குச் சற்று மேல். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகனங்களுக்கு மின்னேற்றும் ஒரு நிலையத்துக்கும் அது பயன்படுகிறது.